வாயில கரையாத க்ரீமுக்கு இத்தனை அலங்காரமா!

நகரத்துல பேட்டிஸரினு பேர் வெச்சிருக்குற ஃபிரெஞ்சு பாணிக் கேக் கடைகளா ஏறி இறங்கி, ஒரே கேக்கை ஒவ்வொரு கடையிலயும் வாங்கித் தின்னு, எது தேவலைனு பார்க்கறது என்னோட பைத்தியம். காசும் என்னுது, ஏறுற சர்க்கரையும் என் உடம்புலதான், அதை விடுங்க. ஆனா ஒப்பிட்டுப் பார்க்கணும்னா ரெண்டும் ஒரே பண்டமா இருக்கணுமா வேண்டாமா?

ஒரு கேக் மேல ஓபரானு சீட்டு குத்தி வெச்சிருக்காங்க. ஓபரான்னா பாதாம் மாவு சேர்த்துச் செஞ்ச மெல்லிசான ஸ்பாஞ்ச், அதைக் காபி சிரப்புல நல்லா ஊற வைக்கணும், நடுநடுவுல காபி பட்டர்க்ரீமும் கனாஷ்ங்கிற சாக்லேட்-க்ரீம் கலவையும் வரணும். இத்தனை அடுக்கு வெச்சும் உயரம் 3 சென்டிமீட்டர் கிட்டத்தான் நிக்கும், அதுலதான் கைவேலையே இருக்கு. எனக்கு வந்தது செங்கல் உயரத்துக்குச் சாதா சாக்லேட் கேக். பாதாமும் இல்ல, காபியும் இல்ல. உச்சியில தங்கத்தாள் மட்டும் மறக்காம ஒட்டியிருக்கு! அடுத்த கடையில அதே பேர்ல கிண்ணத்துல மூஸ், அதாவது நுரை மாதிரி அடிச்ச க்ரீம் இனிப்பு வருது. இந்த ரெண்டுல எது நல்லா இருக்குனு நான் என்னத்தைச் சொல்ல?

ப்ளாக் ஃபாரஸ்ட் கதி இன்னும் மோசம். ஜெர்மனியோட உணவு வழிகாட்டு நெறிகள்ல, கிர்ஷ்வாஸர்ங்கிற செர்ரிச் சாராயத்தோட ருசி நாக்குல தெளிவாத் தெரியணும்னே இருக்கு. சாராயம் வேண்டாம்னா விட்டுடுங்க, அதுல எனக்குச் சண்டை இல்ல. செர்ரியாவது போடலாம்ல? சாயத்துல முக்கின ஒண்ணை மேல உட்கார வெச்சுட்டா முடிஞ்சுதா? உள்ளே அந்தப் புளிப்பு இல்லைன்னா க்ரீமோட திகட்டலை எது வெட்டும்?

வியன்னாவுல ஸாக்கர் ஹோட்டலும் டெமெல் கடையும் ஸாக்கர்டார்ட்ங்கிற சாக்லேட் கேக்கோட பேருக்காக வருஷக்கணக்காக் கோர்ட்டுல மல்லுக்கட்டினாங்க. அப்ரிகாட் ஜாம் கேக்குக்கு நடுவுலயும் வரணுமா, சாக்லேட்டுக்கு அடியில மட்டும் போதுமாங்கிறது வரைக்கும் வழக்குல வந்துச்சு. 1963-லதான் ஒருவழியா சமாதானம் ஆனாங்க. இங்க ஜாமே இல்லாம ஸாக்கர்னு விக்கிறான், கேட்க நாதி இல்ல.

சரி, பேரு எக்கேடு கெட்டுப் போகட்டும். அந்த க்ரீம் இருக்கே, அதை நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. பால் கொழுப்புல பெரும்பகுதி 35 டிகிரிக்குள்ள இளகிடும், நம்ம உடம்புச் சூடு 37. அதனாலதான் நல்ல க்ரீம் நாக்குல பட்டதும் காணாமப் போகுது. பல கடையில அடிச்சு ஊத்துறது பாலே இல்ல, பாம் கெர்னல் எண்ணெய் மாதிரித் தாவரக் கொழுப்பைக் கெட்டியாக்கின டப்பாச் சரக்கு. விலை குறைவு, அடிச்சா நல்லாப் பொங்கும், பூ வெச்சா மணிக்கணக்கா அசையாம நிக்கும். கடைக்காரனுக்கு வேற என்ன வேணும்? தின்னவனுக்குத்தான் மேலண்ணத்துல ஒரு படலம் ஒட்டிக்கிட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாலும் போகாது. அடுத்த கடைக் கேக்கோட ருசியும் சேர்ந்து நாசம். சாக்லேட்லயும் இதே திருட்டுத்தனம்தான். 34 டிகிரி வாக்குல உருகுற கோகோ பட்டரை எடுத்துட்டு, காம்பவுண்டுங்கிற பேர்ல வேற கொழுப்பு.

கவுன்ட்டர்ல நிக்கிற தம்பிகிட்ட, "இது பால் க்ரீமாப்பா?"னு கேட்டேன். "ஃப்ரெஷ் க்ரீம் மேடம்." "பாலா, தாவரக் கொழுப்பா?" "ஃப்ரெஷ் மேடம், இன்னைக்குக் காலையிலதான் அடிச்சோம்." பாவம், அவனுக்கு யாரும் சொல்லித் தரல. உள்ளே போய்க் கேட்டுட்டு வானு அனுப்பினா, போனவன் திரும்பி வரவே இல்ல.

அப்புறம் அந்தக் குளிர். குளிர்ந்த பண்டத்துல இனிப்பு நாக்குக்குச் சரியாவே ஏறாது, பட்டரும் கல்லா இறுகிடும், ஸ்பாஞ்சுல இருக்குற மாவுச்சத்து ஃபிரிட்ஜ் குளிர்லதான் சீக்கிரம் வறண்டாப்ல ஆகும். கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து அப்படியே எடுத்துத் தட்டுல வைக்கிறாங்க. கொஞ்சம் குளிர் இறங்கட்டும்னு காத்திருந்தா பில்லைக் கொண்டாந்து நீட்டறாங்க. அரை மணி கழிச்சுத் தின்னாத்தான் தெரியுது, எவ்வளவு சர்க்கரையைக் கொட்டியிருக்காங்கன்னு. இதுல பக்கத்து மேஜையில ஒருத்தர் கேக்கைத் திருப்பித் திருப்பிப் படம் பிடிச்சு, ஒரு வாய் தின்னுட்டு, அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டுக் கிளம்பறார். மிச்சம் தட்டுலயே கிடக்கு.

சீட்டுல முக்கால்வாசி இடத்தைக் கடை முத்திரையே அடைச்சிருக்கு. அதுக்குக் கீழ பால் க்ரீம், இல்லைன்னா தாவரக் கொழுப்புனு ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்? என்னைக்குச் செஞ்சதுன்னும் போடுங்கய்யா. சில கேக் ஒரு நாள் ஊறினாத்தான் ருசி, அதுக்கு நானே வரிசையில நிப்பேன். மத்ததை நேத்தையதுனு எழுதிப் பாதி விலைக்கு வைங்க, அதையும் வாங்கிக்கிறேன். இன்னைக்கு விலைக்கு மட்டும் என் தலையில கட்டாதீங்க.