ஸ்ட்ரீம்ஸ் கொடியை மட்டும் போட்டால் போதாது
"லினக்ஸ் கெர்னல் 6.3-இலேயே ஸ்ட்ரீம்ஸ் ஆதரவு வந்துவிட்டது, கேமரா சென்சார் டிரைவரில் ஸ்ட்ரீம்ஸ் கொடியைப் போட்டால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஸ்ட்ரீம்ஸ் என்பது ஒரே இணைப்பில் வரும் பல தரவு ஓட்டங்களைத் தனித்தனியாகக் கையாளும் வசதி; டிரைவர் அதை ஆதரிக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் அடையாளம்தான் அந்தக் கொடி (flag). முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பி இறங்கினால் நாட்கள்தான் வீணாகும்.

ஐஎம்எக்ஸ்219 சென்சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தோடு, எக்ஸ்போஷர், கெயின் போன்ற அமைப்புகளைச் சுமந்த எம்பெடட் டேட்டா வரிகளும் அதே சிஎஸ்ஐ-2 இணைப்பில் (கேமராவிலிருந்து செயலிக்குத் தரவு போகும் வழி), அதற்குள் அதே விர்ச்சுவல் சேனலில் வருகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவது டேட்டா டைப் எண் மட்டும்தான்: 10 பிட் ரா படத்துக்கு 43, எம்பெடட் டேட்டாவுக்கு 18 (தசமத்தில்). எந்த ஸ்ட்ரீமுக்கு எந்த எண் என்பதை சென்சார் டிரைவர் ஃபிரேம் டிஸ்கிரிப்டர் என்ற விவரப் பட்டியல் வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வரிகளை எந்த பஃபருக்கு அனுப்புவது என்று, தரவை வாங்கும் ரிசீவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ரூட்டிங் (எந்த ஸ்ட்ரீம் எந்த வழியில் போக வேண்டும் என்ற அமைப்பு), ஸ்ட்ரீம் வாரியாகத் தொடங்கி நிறுத்தும் செயல்பாடுகள் எல்லாம் எழுத வேண்டும். ரிசீவர் டிரைவரும் இவற்றை ஆதரிக்க வேண்டும்.

இன்னொன்று, 6.3-இல் பயனர் பக்க ஏபிஐ (செயலிகள் ஸ்ட்ரீம்ஸ் வசதியைக் கெர்னலிடம் கேட்கும் வழி) அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. வி4எல்2 (லினக்ஸின் வீடியோ, கேமரா பகுதி) சப்டெவ் மூலக் கோப்பில் ஒரு மாறியை 1 என்று மாற்றி, கெர்னலை மறுபடி பில்ட் செய்ய வேண்டும். ரூட்டிங் அழைப்பு பிழை தந்தால் டிரைவரைக் குடைவதற்கு முன் அந்த மாறியைப் பாருங்கள்.