கனவில் பாம்பு: யூங் அப்படிச் சொல்லவில்லை

கனவில் பாம்பு வந்தால் பகை வரும் என்றும், இத்தகைய கனவு அகராதி எல்லா மனிதர்க்கும் பிறவியிலேயே பதிந்திருப்பதைக் கார்ல் யூங் நிரூபித்துவிட்டார் என்றும் ஒரு செய்தி சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. எல்லா மனிதர்க்கும் பொதுவான ஆழ்மன அடுக்கு ஒன்று பிறவியிலேயே உண்டு என்னும் கூட்டு நனவிலிக் கருத்தை முன்வைத்த அந்தச் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் (1875–1961), மரபாக வருவன ஆயத்தப் படங்கள் அல்ல, படிமங்கள் உருவாவதற்கான வடிவங்கள் மட்டுமே என்றார். அவற்றை நிரப்புவது அவரவர் அனுபவம். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் பாம்போடு பழகியவரின் கனவுக்கும் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரரின் கனவுக்கும் ஒரே பொருள் இருக்கவேண்டியதில்லை. நிரூபணம் என்பதோ இன்னும் பெரிய மிகை. கூட்டு நனவிலியே உளவியலாளரிடையே இன்றளவும் விவாதத்துக்குரியது. யூங்கின் எழுத்துத் தொகுப்பில் 9ஆம் தொகுதியின் முதற்பகுதியைப் புரட்டி இதைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனிப் பகிர வேண்டாம்.