கல்யாணம் ஆச்சு, விசிட்டர் விசா போச்சு

தெரிந்தவர்களில் யாருக்காவது வெளிநாட்டில் இருப்பவரோடு கல்யாணம் நிச்சயமானால், சில நாட்களில் எனக்கு ஒரு மெசேஜ் வரும். விசா கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்பது முதல் கேள்வி. அதற்கு ஏதோ ஒரு பதில் சொல்லிவிடலாம். அடுத்து வருவதுதான் சங்கடமான கேள்வி: "அதுவரைக்கும் விசிட்டர் விசாவில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தானே?"

போகலாம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நடப்பு வேறு. கல்யாணத்துக்கு முன்னால் ஊர் சுற்றிப் பார்க்கக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விசா, கல்யாணமான பிறகு அதே ஆள் கேட்கும்போது கைநழுவிப் போகிறது. வேலை அதேதான், வங்கிக் கணக்கும் அதேதான். புதிதாகச் சேர்ந்தது ஒரு உறவு மட்டும். அந்த உறவின் மேல்தான் இப்போது சந்தேகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியேற்ற விசாவுக்குக் காத்திருக்க வைப்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சரிபார்க்க நாள் ஆகும், ஆகட்டும். அந்தக் காலத்தில் ஒருவரையொருவர் போய்ப் பார்க்கவும் விடாமல் வைத்திருப்பதுதான் அநியாயம்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விசிட்டர் விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருகிறார் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று காட்டுவது விண்ணப்பிப்பவர் பாடு. இதற்கிடையில் அமெரிக்கக் குடிமகனான கணவர் ஐ-130 மனு போட்டிருப்பார். என் மனைவி என்னோடு நிரந்தரமாக வாழ வரவேண்டும் என்று அரசாங்கத்திடமே எழுதிக் கொடுத்தாயிற்று. விசிட்டர் விசா படிவத்திலோ, உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று நேரடியாகவே ஒரு கேள்வி உண்டு. ஆம் என்றால் சந்தேகம். இல்லை என்றால் பொய். விசாவுக்காகப் பொய் சொன்னதாகப் பதிவானால் அந்தத் தடை காலத்துக்கும் தொடரும். விலக்கு வாங்க வழி உண்டு என்றாலும் அது தனிப் போராட்டம். தயவுசெய்து யாரும் "அப்போ இல்லைன்னு போட்டுடலாமா" என்று கேட்காதீர்கள். கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

விசா கையில் இருந்தாலும் நிம்மதி இல்லை. உள்ளே விடுவதா வேண்டாமா என்பது விமான நிலைய கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரின் முடிவு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்த விசாவில் கணவரைப் பார்க்கப் போனார். தனி அறைக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். துணிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் டிகிரி சர்டிபிகேட், மார்க் ஷீட்டுகள், பழைய கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழ். சில வாரம் இருந்துவிட்டுப் போக வந்தவருக்கு மார்க் ஷீட் எதற்கு என்று கேட்டார்கள். ஒரிஜினலை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அந்தப் பதில் எடுபடவில்லை. கணவர் வெளியே காத்துக்கொண்டிருக்க, இவரை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அதிகாரியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் கையில் இருக்கும் விதிக்கு இரண்டு வகை மனிதர்களைத்தான் தெரியும். திரும்பிப் போகிறவர், தங்க வருகிறவர். இப்போது பார்த்துவிட்டுத் திரும்பி, விசா வந்தபிறகு தங்க வரப்போகிறவருக்கு அதில் இடமே இல்லை.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது என்னவென்றால், அந்த இரட்டை எண்ணம் சட்டத்துக்குப் புதிதல்ல. எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்களுக்கு 214(பி) சந்தேகத்திலிருந்து சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. தற்காலிகமாக வேலைக்கு வரலாம், கூடவே கிரீன் கார்டுக்கும் மனு போடலாம், இரண்டும் முரண் இல்லை என்கிறது. கம்பெனிக்கு ஆள் வேண்டுமென்றால் புரிகிற விஷயம், கணவனுக்கு மனைவி வேண்டுமென்றால் புரியாமல் போகிறது.

இதன் விளைவாக நடக்கும் கூத்தைப் பாருங்கள். எச்-1பியில் இருப்பவர் கல்யாணம் செய்தால் மனைவிக்கு எச்-4 எடுத்து அழைத்துப் போய்விடலாம். அதற்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. அதே ஆள் கிரீன் கார்டு கைக்கு வந்தபிறகு கல்யாணம் செய்தால், மனைவி எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு உச்சவரம்பு உண்டு. வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்குபவர், அது வருவதற்கு முந்தைய நாள் கல்யாணம் செய்திருந்தால் மனைவி அவருடைய கிரீன் கார்டோடு சேர்ந்து வரலாம். மறுநாள் செய்தால் முடியாது. அந்தஸ்து உயர்ந்தவருக்குப் பிரிவு நீள்கிறது. கல்யாணத் தேதியை வக்கீலைக் கேட்டுக் குறிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பிரிட்டன் இன்னொரு ரகம். சாதாரண விசிட்டர் விசாவில் போய் அங்கே கல்யாணமே செய்துகொள்ள முடியாது. அதற்கென்று மேரேஜ் விசிட்டர் விசா தனியாக உண்டு. அதில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு 6 மாதத்துக்குள் வெளியேற வேண்டும். அங்கிருந்தபடியே ஸ்பவுஸ் விசாவுக்கு மாற முடியாது. வெளியே வந்து ஸ்பவுஸ் விசா கேட்டால் அங்கிருப்பவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். 2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்று இருந்த வரம்பை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கினார்கள். நிச்சயமானபோது தகுதியோடு இருந்தவர்கள் பலர் ஒரே நாளில் தகுதி இழந்தார்கள். ஜெர்மனியில் 2007 முதல், சில விலக்குகள் தவிர, வரப்போகும் துணை ஏ1 அளவு, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன் தெரியும் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். மொழி கற்பது நல்லதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவரை இடையில் போய்ப் பார்க்க வழி விடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

அப்புறம் ஆதாரம். கல்யாணம் உண்மையானது என்று காட்ட போட்டோ, போன் பில், சாட் எல்லாம் கேட்பார்கள். ஒரு நண்பர் தன் வாட்ஸ்அப் சாட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. "சாப்பிட்டியா?" "ம்." "தூங்கு." "நீ?" "மீட்டிங் இருக்கு." நடுவில் ஒரு சண்டை, அதை வைக்கலாமா எடுத்துவிடலாமா என்று இருவருக்கும் போனில் அரை மணி நேர விவாதம். வையுங்கள் என்றேன். சண்டை போடாத புருஷன் பெண்டாட்டியை எந்த அதிகாரி நம்புவார்? ஆனால் சேர்ந்து எடுத்த போட்டோக்கள் என்று பார்த்தால் கல்யாணத்தன்று எடுத்தவையும் அதற்கடுத்த சில நாட்களும்தான். பார்க்கவே விடாமல் வைத்துவிட்டு, சேர்ந்திருந்ததற்குச் சாட்சி கேட்டால் எங்கே போவது? இதனால்தான் நிறைய ஜோடிகள் இருவரும் சுலபமாக நுழையக்கூடிய மூன்றாவது நாடு ஒன்றைத் தேடிப் பிடித்து, லீவு சேர்த்து வைத்து அங்கே சந்திக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அந்த முத்திரையும் ஒரு ஆதாரம்.

உள்ளே போய்ச் சேர்ந்தவர்களுக்கும் கால்கட்டு உண்டு. அமெரிக்கக் குடிமக்களின் வருங்காலத் துணைக்கான கே-1 விசாவில் போனவர் 90 நாட்களுக்குள் கல்யாணம் செய்து கிரீன் கார்டுக்கு மனு போட வேண்டும். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி இல்லாமல் வெளியே கிளம்பினால், மனுவைக் கைவிட்டதாகவே கணக்கு. ஊரில் அப்பா ஐசியூவில் என்று போன் வந்தாலும் இதே விதிதான்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். சாண்ட்ரா முனோஸ் போனார். அமெரிக்கக் குடிமகள், அவரே வழக்கறிஞர். எல் சால்வடோரைச் சேர்ந்த கணவரை 2010இல் மணந்தார். கணவருக்குத் தூதரகம் விசா மறுத்தது. உடம்பில் இருந்த பச்சைக் குத்தல்களை வைத்து ஒரு கும்பலைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்ற சந்தேகம் காரணம் என்பது பிறகுதான் தெரியவந்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரான துணையை நாட்டுக்குள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்கும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு இல்லை என்று 6-3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கல்யாணம் செய்ய உரிமை உண்டு. இந்த நாட்டில் சேர்ந்து வாழ்வது அந்த உரிமையில் அடங்காது. எனவே மாற்றம் வருவதானால் விசா விதிகளில்தான் வரவேண்டும்.

நான் கேட்பது நடக்காத காரியமும் இல்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவே இதற்காக ஒரு சட்டம் போட்டது. குடிமக்களின் துணைக்கு கே-3, கிரீன் கார்டு வைத்திருப்போரின் துணைக்கு வி விசா. மனு முடியும்வரை உள்ளே வந்து சேர்ந்திருக்கலாம். வி விசா அந்த ஆண்டு டிசம்பர் 21க்குள் மனு போட்டவர்களோடு நின்றுவிட்டது. கே-3 இன்று பெயரளவில்தான் இருக்கிறது. ஐ-130 முடிவதற்குள் அது கைக்கு வருவதே அபூர்வம். கனடாவின் சட்டமோ, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதாலேயே ஒருவர் தற்காலிகமாக வரக்கூடாது என்று ஆகிவிடாது என்று எழுத்திலேயே சொல்கிறது. அனுமதித்த காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவார் என்று அதிகாரி நம்பினால் போதும். 2023 மே மாதம், ஸ்பான்சர்ஷிப் மனு நிலுவையில் இருக்கும் துணைகளின் விசிட்டர் விசாவை விரைந்து பரிசீலிக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்கள்.

போலிக் கல்யாணங்கள் இல்லையா? இருக்கின்றன. பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். விசிட்டராகப் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. அதற்கு வழி இல்லாமல் இல்லை. இந்த விசாவில் வந்தவர் உள்ளிருந்தபடி அந்தஸ்து மாற்ற முடியாது, நாள் தாண்டித் தங்கினால் போட்ட மனுவே ரத்து என்று எழுதிவிடுங்கள். உண்மையான ஜோடி அந்த நிபந்தனையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும்.

கடைசியாக, இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருப்பவர்களுக்கு. முதலில் பதிவுத் திருமணம் செய்து மனுவைப் போட்டுவிட்டு, விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். காத்திருப்பு குறையும், உண்மைதான். ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து விசிட்டர் விசா கதை மேலே சொன்னதுபோல ஆகிவிடும். இரண்டில் எது முக்கியம் என்று தேதி குறிப்பதற்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். டிக்கெட் போட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றப் போகாதீர்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். விசிட்டராகப் போனால் திரும்பும் டிக்கெட், லீவு அனுமதிக் கடிதம், வேலைக்குத் திரும்பும் தேதி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மார்க் ஷீட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.