வறுக்கிறவர் முடிவு செய்யட்டும்

சனிக்கிழமை என் இணையப் பக்கத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். சூடான காற்றில் வறுக்கிற ஏர் ஃப்ரையர் வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, "எங்கம்மா விறகடுப்பில் பன்னிரண்டு பேருக்குப் பொரித்துப் போட்டாள், இந்தக் காலத்துப் பெண்களுக்கு நாலு பேருக்கு வறுக்கவே மெஷின் வேண்டியிருக்கிறது" என்று ஒரு அண்ணன் எழுதினார். அவர் எழுதியதைக்கூட விட்டுவிடலாம். அதற்குக் கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் பலர் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள். அதுதான் உறுத்துகிறது.

அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் எழுத வேண்டாம் என்று விட்டேன். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது தெளிவாகிவிட்டது. ஒரு வீட்டில் ஏர் ஃப்ரையர் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த வீட்டில் வறுக்கிறவர் முடிவு செய்யட்டும். சாப்பிடுகிறவர் உப்பு, காரம் பற்றிச் சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். எதில் வறுப்பது என்பது அடுப்படியில் நிற்கிறவரின் விஷயம்.

"அது வெறும் குட்டி ஓவன், புதுப் பெயர் வைத்து விற்கிறார்கள்" என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மேலே ஒரு கம்பிச்சுருள் சூடாகிறது, அதற்கு மேல் ஒரு ஃபேன் அந்தச் சூட்டைக் கூடைக்குள் வேகமாகச் சுற்றிவிடுகிறது. 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் அறிமுகப்படுத்தியபோதும் அடிப்படை இதுதான். குட்டி ஓவன் என்றால் எனக்கு என்ன நஷ்டம்? இடம் சின்னது, சீக்கிரம் சூடேறுகிறது, பெரிய ஓவன் மாதிரி பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. குட்டி ஓவன்தான் எனக்கு வேண்டும்.

அடுத்தது ருசி. இதில் நீங்கள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நானே பார்த்தேன். எதிர் வீட்டு அக்கா ஒன்று வைத்திருக்கிறார். அவர் வீட்டில் பஜ்ஜி மாவில் வாழைக்காயைத் தோய்த்துப் போட்டோம். மாவு வழிந்து கூடையின் ஓட்டைகளுக்குக் கீழே போய்க் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அப்பளம் எடை இல்லாததால் காற்றில் எழும்பி மேலே கம்பிச்சுருளுக்கே போய்விட்டது, உடனே அணைத்துவிட்டோம். உளுந்து வடையை நினைத்தே பார்க்க வேண்டாம். காய்ந்த எண்ணெயில் விழுந்த அந்த நொடியில் மாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் சூடு பிடிக்கிறது, அதனால்தான் ஓட்டை மூடாமல் வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் வருகிறது. காற்று அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஆகவே வடை, பஜ்ஜி, போண்டா, பூரி, அப்பளம் எல்லாம் எண்ணெய்ச் சட்டியில்தான். வடைக்காக ஏர் ஃப்ரையர் வாங்குகிறவர் யாராவது இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஆனால் நான் வடைக்காகக் கேட்கவில்லையே. எங்கள் வீட்டில் வடை சுடுவது அமாவாசைக்கும் விசேஷத்துக்கும்தான். தினமும் மத்தியானம் வருகிற கேள்வி வேறு. "தொட்டுக்க என்ன?" என்ற கேள்வி. உருளை, சேனை, வாழைக்காய், கோவைக்காய், வெண்டைக்காய், ஞாயிற்றுக்கிழமை மீன். இது எதற்கும் மாவில் தோய்ப்பது கிடையாது. மசாலாவைப் பிசறி வைத்து, தோசைக்கல்லில் எண்ணெயை ஊற்றி ஊற்றி, திருப்பித் திருப்பி வறுப்பது. ஏர் ஃப்ரையர் கேள்வி நம் வீடுகளில் வறுவலைப் பற்றியது. வறுவலை வறுக்கிறவருக்குத்தான் தெரியும், ஒரு சேனை எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று.

அக்கா வீட்டில் அதையும் போட்டுப் பார்த்தோம். சேனையை வில்லை போட்டு, மஞ்சள் தூளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு அரை வேக்காடு வேகவைத்து வடித்து, மிளகாய்த்தூள், சோம்புத்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசறி வைத்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடுக்கினோம். 180 டிகிரி. நடுவில் ஒரு தடவை திறந்து திருப்பிவிட்டோம். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. ஓரம் சிவந்து மொறுமொறுவென்று, பிட்டால் உள்ளே மாவாக இருந்தது. அத்தையும் கூட வந்திருந்தார். இந்த விஷயத்தில் அவரைவிடக் கறாரான ஆள் எனக்குத் தெரியாது. ஒரு வில்லையை வாயில் போட்டு மென்றுவிட்டு, "சேனைக்குச் சரி. வாழைக்காய்க்கு இந்த எண்ணெய் பத்தாது, வறண்டுரும்" என்றார். நாற்பது வருஷம் வறுத்தவரின் தீர்ப்பு அது. பின்னூட்டத்தில் வந்த எல்லாத் தீர்ப்பையும்விட அது எனக்குப் பெரிது.

அத்தை அந்த அளவுக்கு இறங்கி வந்ததற்கு மாமாதான் காரணம். இதயத்தில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். பொரித்தது, வறுத்தது எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தார். நாங்களும் ஒழுங்காக அவித்த காய்களாக வைத்தோம். மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, சத்தம் போடவில்லை. சாதம் மட்டும் பாதி தட்டில் மீந்து வந்தது. ஆயுசு முழுக்கச் சாம்பார் சாதத்துக்கு உருளை வறுவல் தொட்டுச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று அவித்த சுரைக்காயைக் கொடுத்தால் எப்படி இறங்கும்? 2025 பிப்ரவரியில் பிரதமர் மன் கி பாத் வானொலி நிகழ்ச்சியில் பேசும்போது, மாதாமாதம் வாங்கும் எண்ணெயில் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். டாக்டரும் சொல்கிறார், டிவியிலும் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வது குறை, குறை என்று. எப்படிக் குறைத்து, ஆனாலும் தட்டு காலியாகிற மாதிரி சமைப்பது என்ற வேலை மட்டும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அந்த ஆள் ஒரு வழி தேடினால் உடனே கேலி.

எண்ணெய்க் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒன்று. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, எந்த எண்ணெயாக இருந்தாலும். செக்கெண்ணெய் என்று அதிக விலை கொடுத்து வாங்கினாலும் அதே 9 தான். அப்புறம் சுட்ட எண்ணெய். பொரித்த பிறகு சட்டியில் மிஞ்சுவதை யார் வீட்டில் கீழே கொட்டுகிறோம்? ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேலே தட்டைப் போட்டு மூடி, மறுநாள் தாளிக்க, அதற்கு மறுநாள் தோசைக்கு என்று தீர்க்கிறோம். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெட்ட சேர்மங்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்தே விதி வைத்திருக்கிறது. அது கடைகளுக்கு. வீட்டுக் கிண்ணத்தை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? நான்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பூனில் வறுவல் முடிந்தால் மிஞ்சுவதற்கே எண்ணெய் இருக்காது. எனக்கு இது போதும் வாங்குவதற்கு.

கரண்ட் பில் கேட்டவர்களுக்கு: 1400 வாட் மெஷினை 20 நிமிடம் ஓட்டினால் அரை யூனிட்கூட ஆகாது. தினமும் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்டுக்குள். கோடையில் ஏசி போட்டு 500 யூனிட் விளிம்பில் நிற்கிற வீடுகள் யோசிக்கலாம், கட்டண ஸ்லாப் மாறும். மற்றவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

கேன்சர் வரும் என்று பயமுறுத்தியவர்களுக்கு: கூடையில் உள்ள நான்ஸ்டிக் பூச்சு சிதையத் தொடங்குவது சுமார் 260 டிகிரிக்கு மேல். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை 200-இல் நின்றுவிடும். வெறும் நான்ஸ்டிக் தோசைக்கல்லை ஃபுல் ஃபிளேமில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகிறோமே, அங்கேதான் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அக்ரிலமைடு என்ற ரசாயனம் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். உருளை மாதிரி மாவுச்சத்துள்ள பொருள்களை அதிகச் சூட்டில் சிவக்க விட்டால் அது உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சொன்னார்கள். சரி. ஆனால் எண்ணெயில் பொரித்தாலும் அதே கதைதானே? கருக விடாமல் பொன்னிறத்தில் எடுக்க வேண்டும், எதில் வறுத்தாலும். இத்தனை வருஷம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டபோது வராத அக்கறை, நான் ஒரு மெஷின் விலை கேட்டவுடன் வருவது ஏன் என்று யோசியுங்கள்.

"சோம்பேறித்தனம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை எழுதியவர் ஒருவர்தான், ஆமோதித்தவர்கள் நிறையப் பேர்.

திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் கோகுலாஷ்டமிக்கு உப்புச் சீடை உருட்டுவோம். சீடை வெடிக்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். மாவில் ஒரு சின்னக் கட்டி இருந்தாலும், உள்ளே ஈரம் தங்கிவிட்டாலும், எண்ணெயில் போட்டதும் படீரென்று வெடிக்கும். அதற்காகத்தான் மாவை இரண்டு தடவை சலிப்பதும், உருண்டையைத் துணியில் பரப்பி உலர்த்துவதும், ஊசியால் குத்தி வைப்பதும். அத்தனையும் செய்தும் ஒரு வருஷம் வெடித்தது. காய்ந்த எண்ணெய் அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே கொட்டியது. அம்மா இட்லி மாவை எடுத்து அதன் மேல் அப்பிக்கொண்டு, மிச்சமிருந்த சீடையையும் பொரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். சாயங்காலம் பூஜைக்கு ஆள் வருவார்கள் என்று. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தோல் வழவழப்பாக.

சீடையை ஏர் ஃப்ரையரில் பொரிக்க முடியாது, தெரியும். அதை யாரும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். நான் சொல்வது வேறு. "எங்கம்மா பொரித்துப் போட்டாள்" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அம்மாவின் கையை ஒரு நாளாவது பிடித்துப் பார்த்தீர்களா? அவளுக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தப் பஞ்சாயத்தை எல்லாம் சொன்னபோது, "வாங்கு, யோசிக்காத. எனக்கு அப்ப இருந்தா நானும் வாங்கியிருப்பேன்" என்றாள். விறகடுப்பில் ஊதிய அம்மாவின் பெயரைச் சொல்லி மகளின் வாயை அடைப்பவர்கள், அந்த அம்மாவையே கேட்டால் என்ன சொல்லுவாள் என்று நினைப்பதே இல்லை.

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான். கிரைண்டர் வந்தபோது ஆட்டுக்கல் ருசி போச்சு என்றார்கள், மிக்ஸி வந்தபோது அம்மி ருசி போச்சு என்றார்கள். 2011-இல் தமிழ்நாடு அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. அப்போதும் பெண்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். அப்படிப் பேசிய எந்த வீட்டிலும் இன்று அம்மியில் அரைப்பதில்லை. அம்மி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. ருசி போச்சு என்று வருத்தப்பட்டவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து அரைத்திருந்தால் அந்த வருத்தத்தை நான் மதித்திருப்பேன்.

விலையைச் சொல்லிக் காட்டியவர்களுக்கும் பதில் இருக்கிறது. நாலாயிரத்திலும் கிடைக்கிறது, பத்தாயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. என் சம்பளத்தில் வாங்குகிறேன். எங்கள் வீட்டில் ஆண்கள் போன் மாற்றும்போது பழையது வேலை செய்கிறதே என்று யாரும் கேட்டதில்லை, வண்டிக்கு அலாய் வீல் போட்டபோது யாரும் கேட்டதில்லை. அடுப்படிக்கு ஒரு சாமான் என்றால் மட்டும் ஊரே கணக்குக் கேட்கிறது. வாங்கி மூலையில் போட்டுவிடுவாய் என்கிறார்கள். போட்டால் போடுகிறேன். மூலையில் கிடக்கும் டிரெட்மில்லைப் பற்றி நான் யாரையாவது கேட்டேனா?

அக்னி நட்சத்திரத்தில் சென்னை அடுப்படியில் நின்றிருக்கிறீர்களா? ஃபேன் போட முடியாது, போட்டால் அடுப்பு அலைந்து அணையும். எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை இழுக்கும், வேர்வையை இழுக்காது. தோசைக்கல்லில் வஞ்சிரத்தைப் போட்டுவிட்டு, தெறிக்கிற எண்ணெய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு துண்டு ஒட்டிக்கொண்டால் அதை உடையாமல் எடுக்க வேண்டுமே என்று நிற்கிற அந்த நேரத்தில்தான் ஹாலிலிருந்து "இன்னும் ஆகலையா" என்று குரல் வரும். அந்த இடத்தில் நிற்காதவர் எழுதும் ஒரு வரிக்கு நான் ஏன் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் சனிக்கிழமை சிரித்தவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வரும்போதும் வறுவல் இருக்கும். அதை எதில் வறுத்தேன் என்று கேட்காமல் சாப்பிடுங்கள்.

உண்மையான கேள்விக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் ஒரு தம்பி. வீட்டில் 15 ஆம்ப் பாயின்ட் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். சாதாரண 6 ஆம்ப் பாயின்ட் 1380 வாட் வரைக்கும்தான் தாங்கும், இந்த மெஷின்கள் 1400, 1500 இழுக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் ஒயர் சூடாகும். இதை ஏற்கெனவே வாங்கிய எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை, தயவுசெய்து பாருங்கள். எங்கள் அடுப்படியில் இருக்கிற ஒரே 15 ஆம்ப் பாயின்ட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வந்து மேடைக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். போட்டதும் வாங்கிவிடுவேன். கூடை மாடல், நாலு லிட்டர். எங்கள் ஐந்து பேருக்கு ஒரே ஈட்டில் வராது, இரண்டு ஈடு போட வேண்டும். போடட்டும். அது ஓடுகிற நேரம் நான் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.