டிகிரி கையில் இருக்கிறது, பணம் எங்கே?

கோர்ட்டில் ஜெயித்துவிட்டால் பணம் கைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. வராது சார். அசல், வட்டி, செலவுத்தொகை எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி கையெழுத்துப் போட்ட டிகிரி, அதாவது தீர்ப்பாணை, எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. அப்பா ரிடையர் ஆனபோது கிடைத்த பணத்தைப் புரோ நோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிப் போனவர், எங்கள் தெரு வழியாகவே புதுக் காரில் போகிறார்.

தீர்ப்பு வந்த பிறகு நிறைவேற்று மனு என்று இன்னொன்று போட வேண்டும். கோர்ட் வாசலில் அதை இ.பி. (எக்சிகியூஷன் பெட்டிஷன்) என்பார்கள். நோட்டீஸ், வாய்தா, எதிராளியின் பதில் மனு, மறுபடி வாய்தா. "ஆள் வீட்டில் இல்லை" என்று கோர்ட் ஊழியரான அமீனா எழுதிக்கொண்டு திரும்பி வந்தால், அதற்கு மேல் இன்னொரு மனு.

இதில் பெரிய அநியாயம் எது தெரியுமா? கடன் வாங்கியவருக்குச் சொத்து எங்கே இருக்கிறது, எந்த பேங்கில் கணக்கு, எங்கே சம்பளம் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதும் நம் வேலைதான். வில்லங்கம் போட்டுப் பார்த்தால், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வீட்டை மனைவி பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதி முடித்திருக்கிறார். கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதின பத்திரத்தை ரத்து செய்யச் சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அது ஏமாற்று வேலை என்று நிரூபிக்கும் பாரமும் நம் தலையில்தான்.

சரி, சம்பளத்தை ஜப்தி செய்யலாமே என்பீர்கள். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 40,000 சம்பளம் என்றால் மாதம் 13,000 கிடைக்கும். அதுவும் 24 மாதம்தான். அப்புறம் அதே டிகிரிக்காக அந்தச் சம்பளத்தை மறுபடி ஜப்தி செய்ய முடியாது. பி.எஃப்., கிராஜுவிட்டி பக்கமே போக முடியாது.

பணம் கொடுக்காததற்காக சிவில் சிறைக்கு அனுப்பலாம். வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறார் என்று நாம் காட்ட வேண்டும். நிஜமாகவே இல்லாத ஏழையை உள்ளே தள்ளக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1980-லேயே சொன்னது, அது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் வசதியாக இருப்பவரை உள்ளே வைக்கவும் அவர் சாப்பாட்டுச் செலவை நாம்தான் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

வியாபாரக் கடனாக இல்லாவிட்டால், தீர்ப்புக்குப் பிறகு கோர்ட் தரும் வட்டி வருஷத்துக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. அந்த வட்டிக்கு எந்த பேங்க் பர்சனல் லோன் தருகிறது? இழுக்க இழுக்க அவருக்குத்தான் லாபம்.

இந்தியாவில் டிகிரி வாங்கிய பிறகுதான் வழக்காளியின் கஷ்டமே தொடங்குகிறது என்று வெள்ளைக்காரன் காலத்தில் மேல்முறையீட்டுக்குக் கடைசி கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. நிறைவேற்று மனுவை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. 2025-ல் கணக்குக் கேட்டபோது நாடு முழுக்க 8.8 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தேங்கிக் கிடந்தன. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம், கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரி பில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 21, ரூல் 41. கடன் வாங்கியவரே தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடலாம். மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை. வழக்கு ஆரம்பத்திலேயே இதைக் கேட்கலாம் என்றும் அதே 2021 தீர்ப்பு சொல்கிறது. பிறகு ஏன் டிகிரி கொடுக்கும் அன்றைக்கே, நாம் கேட்காமலேயே, அந்தப் பத்திரத்தை வாங்கி வைப்பதில்லை? ஏன் எழுபது வயதைத் தாண்டிய மனுஷன் சப்-ரிஜிஸ்டரார் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும்?

புதிதாக வழக்குப் போடப் போகிறவர்களுக்கு ஒன்று. எதிராளி சொத்தைக் கைமாற்றுவதற்கு ஆதாரம் கிடைத்தால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி மனுவை உடனே போடச் சொல்லி உங்கள் வக்கீலை விடாமல் கேளுங்கள்.

நாங்கள் அடுத்த வாய்தாவுக்கு ரூல் 41 மனுவோடுதான் போகிறோம். அந்தக் கார் யார் பெயரில் இருக்கிறது, யார் பணத்தில் வாங்கியது என்று அவரே சத்தியம் செய்து எழுதித் தரட்டும்.