குடிக்காதே என்று சொல்ல நமக்குப் பொய்க் காரணம் தேவையில்லை

ஓய்வுநாள் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, அந்தத் திராட்சரசம் போதை தருமா என்று கேட்கும். சிறுவயதில் எனக்குச் சொல்லப்பட்ட பதிலையே நானும் சொல்லிவந்தேன்: அது புளிக்காத பழச்சாறு. சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்படியானால் நோவா எதைக் குடித்து வெறிகொண்டார்? அங்கேயும் திராட்சரசம் என்றுதானே போட்டிருக்கிறது?" என்று வேதாகமத்தைத் திறந்து காட்டினாள். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் அவள் சொன்ன சொல்தான் இருந்தது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கூறி வகுப்பை முடித்தேன். அந்தப் பதிலைத் தேடிப்போனபோது எனக்குள் எழுந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நான் குடிப்பதில்லை. என் வீட்டில் மது இல்லை, என் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்றே விரும்புகிறேன். ஆகவே குடிப்பதற்கு அனுமதி கேட்கும் பதிவாக இதை யாரும் வாசிக்க வேண்டாம்.

நம்மிடம் இந்தக் குழப்பம் வேரூன்றியதற்கு நம்முடைய மொழிபெயர்ப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'ரசம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் சாற்றைத்தான் நினைக்கிறது. 'மதுபானம்' என்பது வேறு ஏதோ கெட்ட பொருள் என்று தானாகவே பிரித்துக்கொள்கிறோம். ஆனால் மூலத்தில் கானாவூரில் வரும் கிரேக்கச் சொல்லே, 'மதுபான வெறிகொள்ளாமல்' என்று அப்போஸ்தலனாகிய பவுல் எபேசியருக்கு எழுதுகிற நிருபத்திலும் இருக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதே கானாவூரில் பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனிடம், ஜனங்கள் 'திருப்தியடைந்தபின்பு' ருசி குறைந்ததைக் கொடுப்பதுதான் வழக்கம் என்கிறான். அங்கே 'திருப்தி' என்று நாம் வாசிக்கிற வினையும் எபேசியரில் 'வெறி' என்று வாசிக்கிற வினையும் கிரேக்கத்தில் ஒன்றே. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, கல்யாண வீட்டு வாசகத்தை மென்மையாக்கிச் சொல்ல அவர்கள் விரும்பியிருக்கலாம். ஆனால் அந்த மென்மையின்மேல் ஒரு கோட்பாட்டையே கட்டிவிட்டவர்கள் நாம்.

திராட்சை அறுவடையாவது கோடையின் முடிவில். இயேசு சீஷரோடு கடைசி இராவிருந்து உண்ட பஸ்கா என்ற யூதப் பண்டிகை வருவது இளவேனிலில். குளிர்சாதனம் இல்லாத நாட்டில் ஆறேழு மாதம் பழச்சாறு புளிக்காமல் நிற்பது எளிதல்ல. அந்த இராவிருந்தை நினைவுகூர்ந்து நாம் இன்று ஆலயத்தில் எடுக்கும் திருவிருந்தில் பயன்படுத்துவது போன்ற புளிக்காத சாறு, 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்டு பல்மருத்துவர், லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிவியலாளரின் சூடேற்றும் முறையைத் திராட்சைச் சாற்றில் செய்துபார்த்ததிலிருந்து வந்த பழக்கம். அவருடைய நோக்கம் நல்லது. மதுவால் குடும்பங்கள் அழிவதைக் கண்டு வருந்திய தலைமுறை அது. ஆனால் அந்த நல்ல நோக்கத்தை முதல் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் வைத்து, இயேசுவின் கையில் இருந்ததும் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்வது உண்மை அல்ல. அது வெறும் சாறாக இருந்திருந்தால் அவரை 'மதுபானப்பிரியன்' என்று பழிக்க எதிரிகளுக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

பரிசேயத்தனம், அதாவது பக்தி வேஷம், என்று நாம் அடிக்கடி பிறரைப் பார்த்துச் சொல்கிறோமே, அது எங்கே தொடங்குகிறது? கடுமையான ஒழுக்கத்தில் அது தொடங்குவதில்லை. தேவன் இடாத கட்டளையை அவர் இட்டதாகச் சொல்லும் இடத்தில்தான் தொடங்குகிறது. இதை எனக்குத் தெளிவாக்கியது எரேமியா முப்பத்தைந்தாம் அதிகாரம். ரேகாபியர் என்ற குடும்பத்தாரை ஆலயத்து அறைக்கு அழைத்து, அவர்கள் முன் திராட்சரசம் நிறைந்த குடங்களை வைத்துக் குடிக்கச் சொல்லும்படி தேவனே தீர்க்கதரிசிக்குக் கட்டளையிடுகிறார். அவர்கள் மறுக்கிறார்கள். எங்கள் தகப்பனாகிய யோனதாப், நாங்களும் எங்கள் பிள்ளைகளும் குடிக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, விதை விதைக்கக்கூடாது, கூடாரங்களில் குடியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் என்கிறார்கள். தேவன் அவர்களை மனதாரப் புகழ்கிறார். ஆனால் யூதா மக்களைப் பார்த்து, நீங்களும் இனிக் குடிக்காதீர்கள், கூடாரத்தில் வாழுங்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இவர்கள் தங்கள் தகப்பனுக்குக் கீழ்ப்படிகிறார்கள், நீங்கள் எனக்குக் கீழ்ப்படியவில்லையே என்றுதான் கேட்கிறார். ரேகாபியரும் தங்கள் விரதத்தை மோசேயின் கட்டளை என்று பொய் சொல்லவில்லை, குடிக்கிற யூதர்களைத் தீட்டானவர்கள் என்று ஒதுக்கவும் இல்லை. எங்கள் வீட்டு வழக்கம் இது என்று சொல்லி உறுதியாக நின்றார்கள். நம் சபைகளும் ஏன் அப்படி நிற்கக்கூடாது?

நிற்பதற்கு நம்மிடம் உண்மையான காரணங்கள் நிறைய இருக்கின்றன. பாலஸ்தீனத்து விருந்தில் உணவோடு பருகிய திராட்சமதுவும் நம் ஊரில் குவார்ட்டர் பாட்டிலில் வருகிற பிராந்தியும் ஒன்றல்ல. இங்கே குடிப்பவர்களில் பலர் வெறிக்காகவே குடிக்கிறார்கள். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிய மாநிலத்தில், 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறையில் விற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சகோதரன் இடறுகிறதற்கு ஏதுவாயிருந்தால் செய்யாமலிருப்பதே நன்மை என்ற ரோமர் பதினான்காம் அதிகாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் குடியால் அழிந்துகொண்டிருக்கும் ஊரில், உரிமை இருந்தும் நான் விட்டுவிடுகிறேன் என்பது அன்பு. இத்தனை இருக்கும்போது கிரேக்கச் சொல்லைத் திரிக்க வேண்டிய அவசியம் என்ன?

இது வெறும் வியாக்கியானப் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். என் தாய்மாமா இருபது ஆண்டுகள் குடித்தார். நாங்கள் அப்போது இருந்த சபையில் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைத்தார்கள். திருந்தி வா, பிறகு பேசலாம் என்றார்கள். ஒருமுறை அவர் மனம் நொந்து ஒரே நாளில் நிறுத்தியபோது, கை நடுங்கி, வலிப்பு வந்து விழுந்தார். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்றும், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்றும் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை; குடியை நோயாகப் பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை. பாவம் என்று சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடிப்பவன் சபைக்கு அந்நியன் என்றாகிவிட்ட இடத்தில், 'எனக்கு உதவுங்கள்' என்று வாய்திறக்க எவருக்குத் துணிவு வரும்? அவர் மீண்டது மருத்துவமனையிலும், பிறகு வேறொரு சபையின் பள்ளி வகுப்பறையில் மாலைநேரம் கூடும், குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவிலும்தான். எழுந்து நின்று நான் ஒரு குடிநோயாளி என்று தன் வாயால் சொல்ல முடிந்த முதல் இடம் அது என்பார். ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான், அங்கே அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

அதே ஆண்டுகளில் மகனுக்கு நூறு பவுன் நகையும் காரும் கேட்டு வாங்கியவர்கள் அந்தச் சபையின் கமிட்டியில் இருந்தார்கள். வெறியரும் பொருளாசைக்காரரும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் நாம் கதவைச் சாத்தினோம்.

மறுபுறத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலும் பெருநகரங்களிலும் வேலைபார்க்கும் நம் இளைஞர்கள் சிலர், சபை தங்களிடம் சொன்னது பொய் என்று கண்டுகொண்டவுடன், கையில் கோப்பையோடு படம் எடுத்துப் போட்டு அதைக் கிறிஸ்தவச் சுயாதீனம் என்கிறார்கள். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக்கூடாது என்பதும் அதே ரோமர் பதினான்கில்தான் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் பேசும் தகுதியைப் பொய்க் காரணம் சொல்லி நாமே இழந்துவிட்டோம் என்பதுதான் என் வேதனை.

திருவிருந்தில் பழச்சாறு கொடுப்பதை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அப்படியே இருக்க வேண்டும். மாமா இப்போது எங்கள் சபையில் இரண்டாம் வரிசையில் முழங்கால்படியிட்டு அந்தக் கோப்பையை அச்சமின்றி வாங்குகிறார். அவருக்காகவே அது சாறாக இருக்கட்டும்.

அந்த மாணவியிடம் அடுத்த வாரமே, நான் இதுவரை சொன்னது தவறு, அது திராட்சமதுதான் என்று சொல்லிவிட்டேன். "அப்படியானால் நாம் ஏன் குடிப்பதில்லை?" என்று உடனே கேட்டாள். மாமாவிடம் அதைச் சொன்னேன். அவளுக்கு நானே பதில் சொல்கிறேன் என்று வருகிற ஞாயிறு வகுப்புக்கு வருகிறார்.