அந்தக் கை உயர்வதைச் சட்டம் ஏன் தடுக்கவில்லை?

2024 ஜனவரி 7, ரோம் நகரம், அக்கா லாரென்ஸியா தெரு. இருட்டில் நூற்றுக்கணக்கானோர் ராணுவம் மாதிரி வரிசை கட்டி நிற்கிறார்கள். ஒருவர் கட்டளைக் குரல் கொடுத்ததும் அத்தனை வலது கைகளும் ஒரே நேரத்தில் விறைப்பாக உயர்கின்றன. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி காலத்துப் பாசிஸ்ட் சல்யூட் அது. "பிரெசென்தே!" என்று மூன்று முறை முழக்கம். முன்பு அங்கே கொல்லப்பட்டவர்கள் சார்பில் "இதோ இருக்கிறேன்" என்று பதில் சொல்வது அந்த முழக்கம். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது, ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைகிறது.

கலைக்கப்பட்ட பாசிஸ்ட் கட்சியை எந்த வடிவிலும் திரும்ப அமைக்கக் கூடாது என்று இத்தாலியின் அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 1952-இல் வந்த ஷெல்பா சட்டத்தில், பொது இடத்தில் பாசிஸ்ட் சடங்குகளைச் செய்வதும் குற்றம். இனவெறுப்பைத் தண்டிக்க 1993-இல் மன்சீனோ சட்டம் வேறு. ஆனால் அந்த வீடியோ பரவிய சில நாட்களிலேயே, ஜனவரி 18 அன்று, மிலான் நகரில் 2016-இல் நடந்த இதே போன்ற ஒரு நினைவுக் கூட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனையைச் சொன்னது. கை உயர்த்தியதால் பாசிஸ்ட் கட்சி மீண்டும் உருவாகும் உண்மையான அபாயம் இருந்தால்தான் ஷெல்பா சட்டப்படி குற்றமாம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு சல்யூட்டால் ஒரு கட்சி உயிர்த்தெழும் என்று எந்த அரசு வழக்கறிஞரால் நிரூபிக்க முடியும்?

அக்கா லாரென்ஸியாவில் கூடுபவர்களின் துக்கம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 1978-இல் அதே இடத்தில் வலதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று மாலை நடந்த மோதலில் குண்டடிபட்ட மூன்றாவது இளைஞரும் இரண்டு நாட்களில் இறந்தார். முதல் இருவரைச் சுட்டவர்கள் யார் என்று இன்றுவரை நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகவில்லை. பெற்ற வயிறு எரியாமல் இருக்குமா? ஆனால் அந்தத் துக்கத்துக்கு முசோலினியின் சல்யூட் எதற்கு?

ரோமில் முசோலினி பெயர் பொறித்த பெரிய கல்தூண் இன்றும் நிற்கிறது. அதை இடிக்கச் சொல்பவர்களோடு நான் இல்லை, அது வரலாற்றுச் சான்று, நிற்கட்டும். உயிரோடு இருக்கும் ஒருவரை நோக்கிக் கை உயர்வது வேறு விஷயம்.

லிலியானா செக்ரேயை நினைத்துக்கொள்கிறேன். 1938-இன் இனச் சட்டங்களால், யூதர் என்பதற்காக, எட்டு வயதில் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர். பதின்மூன்று வயதில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவர். நாட்டின் வாழ்நாள் செனட்டரான அவருக்கு 2019-இல், 89 வயதில், வந்த மிரட்டல்களால் போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டியிருந்தது. கட்சி திரும்பி வருமா என்று மட்டுமே கேட்கும் ஷெல்பா சட்டத்தின் கண்ணில் அவர் படுவாரா?

பாசிஸ்ட் சல்யூட்டையும் முசோலினி உருவம் போட்ட பொம்மை, பாட்டில் வியாபாரத்தையும் நேரடியாகத் தண்டிக்கும் ஒரு மசோதா 2017 செப்டம்பரில் கீழவையில் நிறைவேறியது. கொண்டுவந்த எமானுவேலே ஃபியானோவின் அப்பாவும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர்தான். செனட்டைத் தாண்டாமல் அது காலாவதியாகிவிட்டது. வியாபாரப் பகுதியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், சல்யூட் பகுதியையாவது திரும்பக் கொண்டுவர வேண்டும். ஜனவரி 7 அன்று அந்தத் தெருவில் பூ வைக்கட்டும், மெழுகுவத்தி ஏற்றட்டும், மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்லி அழட்டும். அதற்குத் தடை வேண்டாம். அந்தக் கை மட்டும் உயரக் கூடாது.